குடித்தவனும் பிழைக்க வேண்டும்

(திருத்துறைப்பூண்டிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மது ஒழிப்புக் கூட்டம் என்று நினைத்து வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். டாஸ்மாக் கடையை மூடு என்று விளக்குமாறோடு போய் நின்றவர்கள் நாம். அந்தக் கோரிக்கையில் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. ஆனால் கடையை மூடுகிற நாள் வரைக்கும் நம் வீட்டு ஆம்பிளைகள் உயிரோடு இருக்க வேண்டாமா? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். பேசுவது சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் கேளுங்கள்.

கள்ளக்குறிச்சியை மறந்துவிட்டோமா? 2024 ஜூன் 18. கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களுக்கு வயிறு பிடுங்கியது, வாந்தி வந்தது, கண் இருட்டியது. மறுநாள் காலையில் பிணம் விழ ஆரம்பித்துவிட்டது. அந்த நேரத்தில் மாவட்ட நிர்வாகம் என்ன சொன்னது? கள்ளச்சாராயம்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னது. இழவுக்கு வந்தவர்களே அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று அப்போதே பத்திரிகைகள் எழுதின. 65 பேருக்கு மேலே செத்தார்கள். அதில் பெண்கள் உண்டு, திருநங்கை உண்டு. பெரும்பாலோர் நம்மைப் போல அன்றாடம் கூலிக்குப் போகிற ஜனங்கள்.

பிறகு என்ன நடந்தது? ஆட்சியரை மாற்றினார்கள். எஸ்.பி.யை சஸ்பெண்ட் செய்தார்கள். ஒரு நபர் ஆணையம் போட்டார்கள். சாராயச் சாவுக்கு ஆயுள் தண்டனை என்று அதே மாதத்தில் சட்டத்தைத் திருத்தினார்கள். குடும்பத்துக்குப் 10 லட்சம் கொடுத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போய் சி.பி.ஐ. கைக்கு மாறியது. அத்தனையும் செத்தவர்களை எடுத்துப் போட்ட பிறகு! நான் கேட்பது ஒரே கேள்விதான். முதல் ஆள் சுருண்டு விழுந்தபோது, பாக்கெட்டில் மிச்சம் இருந்த சாராயத்தை எடுத்துச் சோதித்து, "இதில் விஷம் இருக்கிறது, யாரும் தொடாதே" என்று அந்தத் தெருவில் சொல்ல இந்த அரசாங்கத்தில் ஓர் ஆள் இருந்தாரா?

இது புதிதும் அல்ல. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்தில் எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்திலும் 22 பேர். 2001இல் பண்ருட்டியில் 50 பேருக்கு மேலே. ஒவ்வொரு முறையும் கொன்றது ஒரே பொருள்தான், மெத்தனால். பெயிண்டுக்கும் ரசாயனத் தொழிற்சாலைக்கும் போக வேண்டிய திரவம். இதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும் என்று 1959இலேயே விதி இருக்கிறது. விதி கோப்பில் கிடக்கிறது, மெத்தனால் கேனில் ஏறி ஊருக்குள் வருகிறது.

இந்த விஷத்தின் சூழ்ச்சியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், பெண்கள் கவனமாகக் கேளுங்கள். குடித்தவுடன் மெத்தனால் கொல்லாது. சாதாரணச் சாராயம் மாதிரியே போதை ஏறும், இறங்கும். அதற்குப் பிறகுதான் ஈரல் அதைப் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் ரத்தத்தைப் புளிக்க வைக்கிறது, கண் நரம்பைக் கருக்குகிறது. இதற்குப் பெரும்பாலும் 12 மணி நேரத்தில் இருந்து 24 மணி நேரம் வரை ஆகும். நல்ல சாராயத்தோடு கலந்து குடித்திருந்தால் இன்னும் தள்ளிப் போகும். அதனால்தான் நாம் ஏமாந்து போகிறோம். "ராத்திரி குடித்ததுதான் இன்னும் தெளியவில்லை, படுக்கட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டு நடவுக்குப் போய்விடுகிறோம். திரும்பி வரும்போது அந்த மனிதனுக்குக் கண் போயிருக்கும், அல்லது உயிர் போயிருக்கும். சுமார் 10 மில்லி போதும் குருடாக்க. 30 மில்லி போதும் கொல்ல.

இன்னொரு நம்பிக்கை இருக்கிறது. கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது, எரிந்தால் நல்ல சரக்கு என்பது. ஐயா, மெத்தனாலும் எரியும்! சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல் நீலமாக எரியும். மோந்து பார்த்தும் தெரியாது, ருசியிலும் தெரியாது. முப்பது வருடம் குடித்தவனுக்கும் தெரியாது. ரசாயனச் சோதனை ஒன்றுதான் காட்டிக் கொடுக்கும்.

அந்தச் சோதனை நமக்கு எட்டாத வித்தையா? நம் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொண்டு போய்க் கொட்டினால் என்ன செய்கிறார்கள்? மானியை வைத்து ஈரப்பதம் பார்க்கிறார்கள். 17 சதவீதம் தாண்டினால் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். மழையில் நனைந்த நெல்லுக்கு 22 சதவீதம் வரை தளர்வு கேட்டால் மத்தியக் குழு கிளம்பி வந்து நம் நெல்லைப் பையில் அள்ளிக்கொண்டு போகிறது. நெல்லில் இருக்கிற தண்ணீரை இத்தனை அக்கறையாக அளக்கிற அரசாங்கம், அந்த நெல்லை விளைவித்தவன் வயிற்றுக்குள் போகிற பாக்கெட்டில் விஷம் இருக்கிறதா என்று அளக்காதா?

உடனே ஒரு குரல் வரும். "சோதித்துக் கொடுத்தால் குடிக்கச் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகாதா?" ஆகாது. நெதர்லாந்து நாட்டில் 1992இல் இருந்து அரசாங்க ஆதரவோடு இதைச் செய்கிறார்கள். போதை மாத்திரை வாங்கியவன் அதைக் கொண்டு வந்து கொடுக்கலாம். பெயர் கேட்பதில்லை, போலீஸ் வருவதில்லை. சோதித்து, உள்ளே இருப்பது இன்னது என்று சொல்லி அனுப்புகிறார்கள். 2014 டிசம்பரில் சூப்பர்மேன் முத்திரை போட்ட இளஞ்சிவப்பு மாத்திரை ஒன்று அங்கே சோதனைக்கு வந்தது. வாங்கியவன் நினைத்த போதைப் பொருள் அதில் இல்லை, அதைவிடக் கொடிய வேறொன்று இருந்தது. உடனே நாடு முழுக்க எச்சரிக்கை போனது. அங்கே அந்த மாத்திரையால் ஒரு சாவு இல்லை. அதே மாத்திரை இங்கிலாந்தில் விற்றது. அன்றைக்கு அங்கே அப்படி நாடு தழுவிய சோதனை ஏற்பாடு இல்லை. புத்தாண்டு வாக்கில் நான்கு பேர் செத்தார்கள். நியூசிலாந்து 2021இல் இதற்கென்று சட்டமே போட்டுவிட்டது. குடிக்கச் சொல்லிக் கொடுக்கவா போட்டார்கள்?

சரி, தடை ஒன்றே போதும் என்கிறவர்கள் பீகாரைப் பாருங்கள். 2016இல் இருந்து அங்கே முழு மதுவிலக்கு. 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் விஷச் சாராயம் கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கொன்றது. குடித்ததே குற்றம் என்பதால், உண்மையைச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போகவே ஜனங்கள் பயந்தார்கள். குடித்தால் சாவுதான் என்று அந்த மாநில முதலமைச்சரே பேசினார். நம் ஊர் டீக்கடையிலும் அதே பேச்சுத்தான். "குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?" பேசுகிறவர்களுக்குச் சொல்கிறேன். இது பி. சீனிவாசராவ் நினைவிடம் இருக்கிற ஊர். சாணிப்பாலும் சவுக்கடியும் தாங்கிக் கிடந்த பண்ணையாட்களுக்கு, உன் உடம்பும் மனித உடம்புதான் என்று கற்றுக் கொடுக்கக் கன்னட நாட்டில் இருந்து வந்த மனிதர் அவர். இந்த மண்ணில் நின்றுகொண்டு, கூலிக்காரன் உயிரை ஒழுக்கத்துக்குப் பரிசாக மட்டும் தருவேன் என்று யாரும் பேச வேண்டாம்.

நம் அரசாங்கத்துக்கே இந்த வழி தெரியாதது அல்ல. எய்ட்ஸ் பரவாமல் தடுக்க, போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குப் புது ஊசி கொடுக்கிறது அரசுத் திட்டம்தான். நாக்குக்கு அடியில் வைக்கிற புப்ரெனார்பின் மாத்திரை கொடுத்து அவர்களை ஊசியில் இருந்து விலக்குகிறதும் அரசுத் திட்டம்தான். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, அடிமைப்பட்டவன் தானாகச் சிகிச்சைக்கு வந்தால் அவனுக்கு விலக்குத் தருகிறது. இன்றைக்கு வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிற பழக்கம் நம் பையன்கள் மத்தியில் பரவுகிறதே, அவர்களுக்கும் இந்தக் கதவைத்தான் திறந்து வைக்க வேண்டும். லத்தியோடு துரத்தினால் அவன் சுடுகாட்டு மறைவில் போய்க் குத்திக்கொள்வான்.

ஆகவே நாம் கேட்கிறோம். அரசு மருத்துவமனையில், பெயர் கேட்காத ஒரு சோதனைச் சன்னல் வேண்டும். பாக்கெட்டையோ பாட்டிலையோ மாத்திரையையோ யார் கொண்டு வந்தாலும் வாங்கிச் சோதிக்க வேண்டும், கொண்டு வந்தவர் மேல் வழக்குப் போடக்கூடாது. விஷம் என்று தெரிந்தால் அன்றைக்கே ஊருக்குச் சொல்ல வேண்டும். 2018இல் கஜா புயலுக்கு முன்னால் நம்மை மேட்டுக்குப் போகச் சொல்லி மைக் கட்டிய ஆட்டோக்கள் சுற்றினவே, அதே ஆட்டோ ஓடட்டும். கோயில் ஒலிபெருக்கியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் சொல்லட்டும்.

மெத்தனால் விஷத்துக்கு மாற்று மருந்தும் இருக்கிறது. ஃபோமெபிசோல் என்று பெயர். விஷம் அமிலமாக மாறுவதையே அது தடுத்து நிறுத்தும். 2013இல் இருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அது கிடைக்காத இடத்தில் மருத்துவர்கள் சுத்தமான எத்தனாலை அளந்து கொடுத்தும் காப்பாற்றுகிறார்கள். அதை மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும், வீட்டில் யாரும் முயன்று பார்க்கக் கூடாது. 2012இல் செக் நாட்டில் இதே மெத்தனால் பாய்ந்தபோது, 20 சதவீதத்துக்கு மேற்பட்ட மது விற்பனையை நாடு முழுக்க ஒரே இரவில் நிறுத்தினார்கள். நார்வேயில் இருந்து ஃபோமெபிசோலை வரவழைத்தார்கள். நம் தாலுகா மருத்துவமனையில் அந்த மருந்து இருந்தால் வாசல் பலகையில் எழுதி வையுங்கள். இல்லையென்றால் வாங்கி வையுங்கள். ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸுக்குத் திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ ஓடுவதற்குள் பார்வை போய்விடக் கூடாது. சிகிச்சைக் கட்டிலுக்குப் பக்கத்தில் காக்கிச்சட்டை நிற்கக் கூடாது. விற்றவனைப் பிடிக்கட்டும், கேனில் மெத்தனால் அனுப்பியவனைப் பிடிக்கட்டும். படுத்திருப்பவனைக் குடைய வேண்டாம்.

மாவட்ட ஆட்சியருக்கு எழுதிய மனு மேடைக்குக் கீழே இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள், கைநாட்டும் வையுங்கள். விளக்குடி, கட்டிமேடு, இடையூர் என்று ஊர் ஊராக எடுத்துப் போங்கள். குடிக்கிறவர்களையும் கையெழுத்துப் போட வையுங்கள், இது அவர்கள் உயிர்.

ஒரே ஒரு சேதி மட்டும் இன்று ராத்திரியே வீட்டுக்கு எடுத்துப் போங்கள். குடித்துவிட்டுப் படுத்தவருக்கு மறுநாள் கண் மங்கினால், வெளிச்சம் வெள்ளையாகக் கூசினால், வயிறு வலித்து வாந்தி வந்தால், மூச்சு வாங்கினால், தெளியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மிச்சம் இருக்கிற பாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். அவரோடு சேர்ந்து குடித்தவர் யார் யார் என்று கேட்டு, அவர்கள் வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.