இரவல் பொருளும் அமானிதமே

திருமறையின் 107ஆம் அத்தியாயமான 'அல்மாஊன்', சிறு புழங்கு பொருட்களைக் கொடுக்க மறுப்போரைக் கண்டிக்கின்றது. கோடரி, பானை, வாளி போன்றவையே அவை என இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கியுள்ளார்கள். எனவே கொடுக்கின்றோம். ஆனால் சென்ற ஏணி ஆறு மாதமாகியும் திரும்புவதில்லை. கேட்கப் போனால் நாமே கடன்காரரைப் போல் வாசலில் கூனிக்குறுகி நிற்கின்றோம். மறுமுறை வேறொருவர் கேட்டால், 'இல்லை' என்று பொய்யுரைக்கவும் துணிகின்றோம்.

ஹிஜ்ரி 8இல் ஹுனைன் போருக்காக, அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத ஸஃப்வானிடம் நபி (ஸல்) அவர்கள் கவசங்களை இரவல் பெற்றார்கள். திருப்பித் தரும் பொறுப்பை ஏற்றே பெற்றார்கள்.

இரவல் பொருள் தொலைந்தால் ஈடு செய்வதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடுண்டு. (தேக்சா தொலைந்த பிறகு மத்ஹபைத் தேடுவோரும் உளர்!) ஆயினும் உரியவர் கேட்ட பின்னும் காரணமின்றிக் கொடாது வைத்திருந்து தொலைத்தால், இரண்டிலும் ஈடு கடமையே. நம் பரணிலும் கொல்லையிலும் கிடக்கும் பிறர் பொருட்களை இவ்வாரமே உரியவரிடம் சேர்ப்போமாக.