பட்டாளத்து பென்ஷன்: மறுப்புக் கடிதம் தீர்ப்பல்ல

 

சென்ற மாதம் ஒரு சகோதரி, பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்த கடிதம் ஒன்றை நம் அலுவலகத்துக்குக் கொண்டு வந்தார். எட்டு வருடம் ராணுவத்தில் இருந்த கணவரை நோயைக் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிஸபிலிட்டி பென்ஷன் கேட்டதற்கு, "நோய் பணியால் வந்ததல்ல, பணியால் கூடியதுமல்ல" என்று ஒரு வரிப் பதில். பன்னிரண்டு வருடமாக அதைத் தீர்ப்பு என்றே நம்பி இருந்துவிட்டார்கள். (தாலுகா ஆபீஸில் தரும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை வேறு, நாம் சொல்வது ராணுவம் தருவது.)

தரம்வீர் சிங் என்ற சிப்பாய்க்கும் இதே பதில்தான் வந்தது. வலிப்பு நோய், 20 சதவீத ஊனம். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது: பட்டாளத்தில் சேரும்போது மருத்துவப் பதிவில் அந்த நோய் எழுதப்படவில்லை என்றால், ஆள் நல்ல உடம்போடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பணியால் வரவில்லை என்று காட்டுவது அரசின் பொறுப்பு. மருத்துவக் குழு காரணம் எழுத வேண்டும். சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே.

மறுப்பு வந்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு இரண்டாவது, அதற்கும் பிறகு சென்னையில் உள்ள ராணுவத் தீர்ப்பாயம். காலம் கடந்தவர்களும் கைவிட வேண்டாம். பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படுவதால் தாமதத்தை மன்னிக்க இடமுண்டு. ஆனால் நிலுவை பொதுவாக மூன்று வருடத்துக்கே கிடைக்கும். சும்மா இருக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் போகிறது.

நோய் பணியால் வரவில்லை என்றே முடிவானாலும் இன்வாலிட் பென்ஷன் என்று ஒன்று உண்டு. முன்பு பத்து வருட சர்வீஸ் வேண்டும். 2020-இல் அதைத் தளர்த்தினார்கள். வெளியே வேறு வேலையும் பார்க்க முடியாத அளவுக்கு உடல் கெட்டிருக்க வேண்டும், 4.1.2019 அன்றோ அதன் பிறகோ சர்வீஸில் இருந்திருக்க வேண்டும். இந்தச் சகோதரியின் கணவருக்கு அது பொருந்தாது. அவருக்கு மேல்முறையீடுதான் வழி.

21.9.2023-க்குப் பிறகு வெளிவந்தவர்களுக்கு விதிகள் மாறியுள்ளன. அவர்கள் முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கட்டும்.

டிஸ்சார்ஜ் புக், மெடிக்கல் போர்டு தாள்கள், மறுப்புக் கடிதம், மூன்றையும் எடுத்து வாருங்கள். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். போர்டு தாள் கையில் இல்லையென்றால், ரெக்கார்டு ஆபீஸுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதித் தருகிறோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அஸர் வரை அலுவலகத்தில் இருப்போம்.