வீட்டுச் சுவரும் அரூப ஓவியமும்
(நாகபுரியில் நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் காலனி வீடுகளின் சுவர்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விழைகின்றோம். சுவர் சர்க்காருடையது, அதில் மாட்டும் படம் நம்முடையது. மாற்றல் உத்தரவு வந்தால் சுவரை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் கழற்றிக்கொண்டு புறப்படுகிறோம். ஆகவே, எத்தகைய படத்தை வாங்குவது, அது எத்தனை காலம் நிலைக்கும் என்பவை ஆராயத்தக்கவை.

அச்சுப் படம் நமக்குப் புதிதன்று. 1894ஆம் ஆண்டில் ராஜா ரவிவர்மா பம்பாயில் அச்சகம் நிறுவி, லட்சுமியையும் சரஸ்வதியையும் கல்லச்சில் பதித்து எளியோர் இல்லங்களுக்கும் எட்டச் செய்தார். பின்னர் சிவகாசி நாட்காட்டிகள் அப்பணியைத் தொடர்ந்தன. அப்படங்களுக்கு உரிய இடம் பூஜை அறையில் என்றும் உண்டு. இன்று நாம் பேசுவது கூடத்துச் சுவரைப் பற்றி.

உருவமில்லாத அரூப ஓவியத்தைக் கண்டதும் நம்மவர் பலர், "இது என்ன படம்?" என்று வினவுகின்றனர். ஆனால் வாசலில் சிக்குக் கோலம் இடும் தாயாரிடம் அக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. அது மயிலும் அன்று, மாம்பழமும் அன்று. புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் கோடும், அதன் ஒழுங்கும், நடுவில் விட்ட வெற்றிடமுமே அதன் அழகு. அரூபத்தைச் சுவைக்கும் கண் நம்மிடம் முன்பே உண்டு. அதை வாசற்படியோடு நிறுத்திக்கொள்ள வேண்டுவதில்லை.

நாம் குடியிருக்கும் இந்நாகபுரிக்கும் இக்கலைக்கும் நெருங்கிய உறவு உண்டு. வி. எஸ். கைதொண்டே 1924இல் இவ்வூரில் பிறந்தவர். தம் ஓவியம் எப்பொருளையும் குறிப்பதன்று என்று கூறி, வண்ணங்களை அடுக்கடுக்காக ஏற்றியும் வழித்தும் ஒளியை வரவழைத்தார். 2001இல் அவர் மறைந்தார். 2014இல் நியூயார்க்கின் கூகன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய ஓவியங்களைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தது. எஸ். எச். ராசா 1922இல் மண்டலா மாவட்டத்துக் காட்டுப்புறத்தில் பிறந்து, இந்நகரத்து ஓவியப் பள்ளியில் பயின்றவர். சிறுவயதில் அலைபாய்ந்த அவர் மனத்தை அடக்க, ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து அதை நோக்கச் சொன்னாராம். 1950இல் பிரான்சு சென்ற ராசா, நடுவயதுக்குப் பின் அந்தப் புள்ளியையே 'பிந்து' என்னும் பெயரில் தம் ஓவியத்தின் நடுநாயகமாக்கினார். கோலப் புள்ளியோடு வளர்ந்த நம் குழந்தைகளுக்கு அது அந்நியமாகத் தோன்றுமா?

இனி, நிலைப்பு. பழைய லெட்ஜர்களைப் புரட்டுவோர்க்குத் தாள் மஞ்சளிப்பதும் ஓரம் நொறுங்குவதும் தெரிந்ததே. மலிவான மரக்கூழ்த் தாளில் லிக்னின் என்னும் பொருள் உண்டு. காற்றும் ஒளியும் பட்டால் அது மஞ்சளாகும். தாளில் தங்கிய அமிலம் நாரை அரிக்கும். நெடுங்காலம் நிற்க வேண்டிய படத்தைப் பருத்தி நாரால் ஆன, அமிலம் நீங்கிய தாளில் அச்சிடுவர். நிலைத்தாளுக்கு 1994இல் வகுத்த ஐ.எஸ்.ஓ. 9706 என்னும் சர்வதேசத் தரம், அமிலத்தை எதிர்க்க 2 சதவிகிதம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரப்பொருள் தாளில் இருக்க வேண்டும் என்கிறது. மையிலும் இரு வகை உண்டு. கரையும் சாயத்தாலான மை பொதுவாக விரைவில் வெளிறும். நுண்துகள் நிறமியாலான மை ஒளியை நெடுநாள் தாங்கும். தாள், மை இரண்டையும் கேட்டறிந்த பின்னரே பணம் கொடுத்தல் நலம்.

நல்ல படமும் கவனிப்பாரின்றிக் கெடும். நேர் வெயில் படும் சுவரும், மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரும் ஆகா. கண்ணாடி படத்தை ஒட்டாதவாறு இடையே அமிலமற்ற அட்டை வைக்க வேண்டும். ஒட்டு நாடாவைத் தாளில் ஒட்டலாகாது. அதன் பசை கறையாகப் படியும்.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. 2009இல் தில்லியில் தம் பெயரால் நடந்த கண்காட்சிக்குச் சென்ற ராசாவே, அங்கே போலி ஓவியங்கள் தொங்குவதைக் கண்டு திகைத்தார். மேதைக்கே அந்நிலை என்றால் நாம் எம்மாத்திரம்? மூலத்தைப் பார்த்து எடுத்த நகல், நகல் என்றே விற்கப்பட வேண்டும். எண்ணிட்டுக் கையொப்பமிட்ட பதிப்பு என்றால், ஓவியருடைய அல்லது அவர்தம் உரிமையாளருடைய சான்று வேண்டும். பின்னாளில் விலை ஏறும் என்ற ஆசை வார்த்தைக்குச் சேமிப்பை இழத்தல் தகாது. தினமும் பார்க்கப் பிடிக்கிறதா என்பதே நமக்கு அளவுகோல்.

முடிவாக ஒரு வேண்டுகோள். மலிவாகக் கிடைக்கும் நான்கு படங்களுக்குப் பதில், நிலைத்து நிற்கும் ஒன்றை நம் சங்கக் கூடத்துக்கு வாங்குவோம். அதைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் தாய்மார்களும் மாணவர்களும் இடம்பெறட்டும். கோலம் மாலைக்குள் அழிந்தாலும் மறுநாள் காலையில் இடும் கை உண்டு. மாட்டிய படத்துக்கு அந்த வசதி இல்லை. முதலிலேயே நல்லதாக வாங்குவதே அதற்கு நாம் செய்யும் மரியாதை.