ஐந்து கோல்கள்

வறண்ட மேட்டு நிலம்; மேலே முகிலற்ற நீலவானம். இளைஞர் ஐவர் ஆளுக்கொரு நெடுங்கோலை ஓங்கி நிற்கின்றனர். கோல்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டு வானத்தை மறிக்கின்றன. ஐவர் உடையும் ஐந்து விதம். எவனும் எவனுக்கும் துணைவனாகத் தோன்றவில்லை. ஆயினும் எவன் உடலிலும் காயமில்லை, நிலத்திற் குருதியுமில்லை. நடப்பது சண்டையா, விளையாட்டா?

நேயர்களே, டாரட் என்னும் சீட்டுக்கட்டிலே 'கோல் ஐந்து' எனப்படும் சீட்டின் ஓவியம் இது. போட்டிக்கும் பூசலுக்கும் உரிய சீட்டென்று குறி சொல்வோர் இதனைக் கூறுவர்.

டாரட் என்றதும் பண்டை எகிப்தியரின் மறைநூலென்று சொல்வோர் இன்றும் உளர். 1781இல் கூர் து ஷெபலென் என்ற பிரெஞ்சு அறிஞர் கிளப்பிவிட்ட கதை அது, சான்று எதுவுமில்லை. உண்மையில் இச்சீட்டுகள் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியிலே வெறும் விளையாட்டுக்காகத் தோன்றியவை. மொத்தம் 78. முந்நூற்று நான்கு ஆடுவோர் துரும்பின் வலிமையை நன்கறிவர்; டாரட்டிலோ 21 சீட்டுகள் என்றும் மாறாத் துரும்புகள். கோமாளிச் சீட்டு ஒன்று. எஞ்சிய 56உம் கோல், கிண்ணம், வாள், காசு என நான்கு இனமாம். பழைய கட்டுகள் பெரும்பாலானவற்றில் கோல் ஐந்து என்றால் ஐந்து கோல்களே. மனிதர் இல்லை, மோதலும் இல்லை.

மனிதரை அங்கே கொணர்ந்து நிறுத்தியவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர். 1878இல் இலண்டனிற் பிறந்து, இளமையிற் சில ஆண்டுகள் ஜமேக்காவில் வாழ்ந்து, நியூயோர்க்கிலே ஓவியம் பயின்றவர். ஆதர் எட்வேட் வெயிற் என்பவரின் திட்டப்படி 78 படங்களையும் 1909இல் சில மாதங்களுள் வரைந்து முடித்தார். இலண்டன் ரைடர் நிறுவனத்தார் அவ்வாண்டின் இறுதியிலே அவற்றை வெளியிட்டனர்.

வெயிற் தமது விளக்கநூலில் இச்சீட்டைப் போலிப் போர் என்கிறார். செல்வத்தையும் வாழ்வின் வெற்றியையும் நாடி மனிதர் முட்டிமோதுவதையும் இதற்குப் பொருளாக்குகிறார். சீட்டுத் தலைகீழாக விழின் வழக்கும் வாதமும் சூழ்ச்சியுமாம். நாளை நடப்பதை அட்டையொன்று அறியும் என்பதை நம்புவதற்கில்லை. ஆனால் ஓவியமாக நோக்கின் பொருள் மிக உண்டு. இதற்கு முந்திய 'கோல் நான்கு' சீட்டில் அதே கோல்கள் பந்தற்கால்களாக நின்று பூமாலையைத் தாங்குகின்றன. அடுத்த 'கோல் ஆறி'ல் வாகை சூடிய ஒருவன் குதிரைமேல் வருகிறான். கோலேந்தியோர் உடன் நடக்கின்றனர். அவனுக்கும் அமைதி நெடுநாள் நிலைப்பதில்லை போலும்! 'கோல் ஏழி'ல் மேட்டிலே தனியனாய் நிற்கும் இளைஞனை நோக்கிக் கீழிருந்து ஆறு கோல்கள் நீளுகின்றன. பந்தலைத் தாங்கியதும் மண்டையை உடைக்கத்தக்கதும் ஒரே கோல்தான். இவ்வைவரும் கோல்களைச் சேர்த்து நாட்டினால் இன்னொரு பந்தலே எழும். யாரும் அதை எண்ணியதாகத் தெரியவில்லை.

வெயிற்றும் ஸ்மித்தும் சார்ந்திருந்த மறைஞானச் சங்கத்தின் கதை இவ்வோவியத்திற்கு நல்ல உரையாகும். 'பொன் விடியல்' என்ற பொருளுடைய பெயரோடு 1888இல் இலண்டனில் எழுந்த அச்சங்கம், இதே சீட்டிற்குச் 'சச்சரவின் தலைவன்' எனப் பட்டம் சூட்டியிருந்தது. 1900 ஏப்ரலில் அவர்களுக்குள்ளேயே சச்சரவு மூண்டது. தலைவர் மேதர்ஸ் பாரிசிலிருந்து அலிஸ்டர் குறோலி என்பவரை ஏவிச் சங்கத்தின் மண்டபத்தைக் கைப்பற்ற முயன்றார். எதிரணியில் நின்றவர் கவிஞர் யேற்ஸ். பூட்டை மாற்றுவதும் பொலிசாரை அழைப்பதுமாக முடிந்தது மெய்ஞ்ஞானம் தேடியோரின் போர்! குறோலியின் பக்கம் தோற்றது. ஆனால் வென்றவர்களும் ஒன்றாய் நிற்கவில்லை. 1901இற் சேர்ந்த ஸ்மித், 1903இற் சங்கம் மேலும் பிளந்தபோது வெயிற்றின் பக்கம் சென்றார்.

இப்படங்களின் பெயரிலும் ஒரு போட்டி உண்டு. அதிலே ஒரு தரப்புக்குக் கையில் கோலே இல்லை. பெரிய வேலை, சொற்பக் கூலி என்று 1909இல் ஸ்மித் நியூயோர்க் நண்பர் ஒருவருக்கு எழுதினார். பதிப்பாளர் பெயரும் திட்டமிட்டவர் பெயரும் சேர்ந்து 'ரைடர்–வெயிற்' என்றே கட்டு உலகெங்கும் பரவிற்று. வரைந்தவர் 1951 செப்டெம்பரில் கோண்வால் கரையிலுள்ள பியூட் என்ற ஊரிலே வறுமையில் இறந்தார். கடனுக்காக உடைமைகள் விற்கப்பட்டன. கல்லறை இருக்குமிடமும் தெரியாது. அண்மைக் காலத்திலேதான் ஆராய்ச்சியாளர் பலர் 'ரைடர்–வெயிற்–ஸ்மித்' என மூன்றாவது பெயரையும் சேர்த்து வழங்கலாயினர்.

அவரோ தம் பெயரை முன்னமே எழுதிவைத்திருந்தார். ஐந்து இளைஞர்களும் மிதித்து நிற்கும் அந்த மண்ணின் மூலையிலே, பாம்புபோல் வளைந்து பின்னிய மூன்று சிற்றெழுத்துகள் உள்ளன. கோல்களையே பார்ப்பவர் கண்ணுக்கு அவை எளிதிற் படுவதில்லை.