சாவி யார் கையில்?



இன்றைய பேச்சு மடிக்கணினியைப் பற்றியது. மடியில் வைத்து வேலை செய்யும் அளவுக்குச் சிறிய கணினி அது. அதனால்தான் அந்தப் பெயர். லேப்டாப் என்றும் சொல்வார்கள். புதிதாக ஒன்று வீட்டுக்கு வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? எதைத் தொடலாம்? எதை யாரிடமும் கொடுக்கக் கூடாது?

"கணினி எல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு" என்று சிலர் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது உண்மைதான்.

இந்தியாவுக்கு முதல் டிஜிட்டல் கணினி வந்தது 1955-ஆம் ஆண்டில். வந்த ஊர் கல்கத்தா. அங்கே உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம் அதை இங்கிலாந்திலிருந்து வாங்கியது. ஓர் அறையை அடைத்துக்கொள்ளும் அளவுக்கு அது பெரியது. விஞ்ஞானிகள் சிலர் மட்டுமே அதைத் தொட்டார்கள்.

பிறகு காலம் மாறியது. கணினி சிறிதானது. விலையும் குறைந்தது. 2011-இல் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. கூலி வேலை செய்பவர் வீட்டுக்குள்ளும் கணினி வந்தது.

இப்போது கல்கத்தாவின் கிடர்பூருக்குப் போவோம். அங்கே பெரிய துறைமுகம் இருக்கிறது. அதன் கப்பல் துறை 1892-இல் திறக்கப்பட்டது. பல ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். பேன்சி மார்க்கெட் என்ற புகழ்பெற்ற கடைத்தெருவும் அங்கே இருக்கிறது. துணி, கடிகாரம், செல்போன் என்று பலவும் அங்கே விற்கும்.

அந்தக் கிடர்பூரில் ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். தந்தை துறைமுகத்தில் சுமை தூக்குகிறார். தாய் காலையில் இட்லி சுட்டு விற்கிறார். மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். பாடத்துக்கு மடிக்கணினி வேண்டும். தாய் இரண்டு ஆண்டுகள் பணம் சேர்த்தார். ஒரு நாள் இருவரும் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். தாய் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர். இப்போது அவர் கண் எழுத்தைத் தேடும். அவர் மூன்று கேள்விகள் கேட்டார்.

"ரசீது தருவீர்களா?"

"வாரண்டி எத்தனை மாதம்?"

"விண்டோஸ் இதில் இருக்கிறதா? பணம் கட்டி வாங்கியதா?"

மூன்றும் நல்ல கேள்விகள். ரசீது இல்லாவிட்டால் பின்னால் புகார் செய்வது கடினம். வாரண்டி என்பது, பழுதானால் சரிசெய்து தருவோம் என்று நிறுவனம் கொடுக்கும் உறுதி. விண்டோஸ் என்பது கணினியை இயங்க வைக்கும் மென்பொருள். அது இல்லாமலும் சில கணினிகளை விற்பார்கள். அப்போது விலை குறைவாக இருக்கும். ஆனால் பிறகு விண்டோஸுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அல்லது இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக்கொள்ளலாம். திருட்டு நகலைப் போடக் கூடாது. அதனோடு வைரஸும் சேர்ந்து வரலாம்.

பெட்டியில் ஒரு வரிசை எண் இருந்தது. கணினியின் அடியிலும் ஓர் எண் இருந்தது. ரசீதிலும் எழுதியிருந்தார்கள். மூன்றும் ஒன்றா என்று தாய் விரல் வைத்துப் பார்த்தார். ஒன்றுதான். பணத்தைக் கொடுத்தார்.

அப்போது கடைக்காரர் சொன்னார்: "தீதி, நீங்கள் ஏன் சிரமப்பட வேண்டும்? நானே திறந்து எல்லாம் போட்டுத் தருகிறேன். பாஸ்வேர்டும் நானே வைத்துத் தருகிறேன். மறந்தால் என்னிடம் வந்து கேளுங்கள்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். மகளுக்கும் அது சரி என்று பட்டது. "அம்மா, அவரே செய்யட்டும். சீக்கிரம் முடியும்" என்றாள்.

தாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருக்குப் பழைய நினைவு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் வட்டிக்குக் கடன் வாங்கினார். ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. வாங்கிய கடனைவிட அதிகமாக எழுதியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. மூன்று ஆண்டுகள் அந்தக் கடனைக் கட்டினார்.

"வேண்டாம் கண்ணு. பூட்டு நம்முடையது. சாவி மட்டும் ஏன் இன்னொருவர் கையில் இருக்க வேண்டும்? நேரம் ஆனாலும் நாமே செய்வோம்" என்றார்.

தாய் சொன்னது சரிதானா? நடந்த ஒரு செய்தியைக் கேளுங்கள்.

மேற்கு வங்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் டேப்லட் அல்லது செல்போன் வாங்க அரசு 10,000 ரூபாய் தருகிறது. 2021-இல் தொடங்கிய திட்டம் இது. பணம் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பரில் பல பிள்ளைகளுக்குப் பணம் வரவில்லை. விசாரித்தார்கள். கணினியில் பதிவாகியிருந்த கணக்கு எண்கள் மாற்றப்பட்டிருந்தன. பணம் யார் யாருடைய கணக்குக்கோ போயிருந்தது. போலீசார் பலரைக் கைது செய்தார்கள். யாரும் பூட்டை உடைக்கவில்லை. கத்தியைக் காட்டவில்லை. எண்ணை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

அதனால்தான் சாவி முக்கியம். கணினிக்குச் சாவி பாஸ்வேர்டு. கடவுச்சொல் என்றும் சொல்லலாம்.

சரி, தாயும் மகளும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

கணினியைக் கட்டிலின் மேல் வைக்கவில்லை. மெத்தையில் வைத்தால் காற்றுத் துளைகள் அடைபடும். கணினி சூடாகும். பலகையின் மேல் வைத்தார்கள். தண்ணீர்ச் சொம்பைத் தள்ளி வைத்தார்கள். சார்ஜர் ஒயரைச் செருகினார்கள். முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அது பழைய காலத்து பேட்டரிக்குச் சொன்னது. இப்போதைய பேட்டரிக்கு அது தேவையில்லை. சார்ஜ் ஏறும்போதே வேலையைத் தொடங்கலாம்.

மகள் பொத்தானை அழுத்தினாள். திரையில் வெளிச்சம் வந்தது. கணினி கேள்வி கேட்கத் தொடங்கியது.

எந்த நாடு? இந்தியா.

எந்த விசைப்பலகை? முதலில் ஆங்கிலம். தமிழைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இன்டர்நெட் எது? மகளின் செல்போனிலிருந்து இணைப்புக் கொடுத்தார்கள்.

யார் பெயரில் கணக்கு? மகள் தன் பெயரையும் தன் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தாள்.

பிறகு கடவுச்சொல் கேட்டது. மகள் தன் பிறந்த ஆண்டைப் போட நினைத்தாள். தாய் தடுத்தார். "அது ஊருக்கே தெரியுமே" என்றார். நல்ல கடவுச்சொல் நீளமாக இருக்க வேண்டும். பன்னிரண்டு எழுத்துகளுக்குக் குறையக் கூடாது. பெயர், பிறந்த நாள், செல்போன் எண் ஆகியவை வேண்டாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து வைக்கலாம். நடுவில் எண்களைச் சேர்க்கலாம். மறந்துவிடும் என்ற பயம் இருந்தால் ஒரு தாளில் எழுதி, பெட்டியில் பூட்டி வைக்கலாம். கணினியின் மேல் மட்டும் ஒட்டி வைக்கக் கூடாது.

கணினி இன்னும் சில கேள்விகள் கேட்டது. நீங்கள் இருக்கும் இடத்தை நான் தெரிந்துகொள்ளலாமா? உங்களுக்கு ஏற்ற விளம்பரம் காட்டலாமா? மகள் படிக்காமலே "சரி" என்று அழுத்தப் போனாள். தாய் ஒவ்வொன்றையும் படித்துச் சொல்லச் சொன்னார். தேவையில்லாததற்கு "வேண்டாம்" என்றார்கள். "வேண்டாம்" என்று சொன்னாலும் கணினி வேலை செய்யும்.

அதன் பிறகு கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. இதை அப்டேட் என்பார்கள். இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். செல்போன் டேட்டாவும் நிறையச் செலவாகும். பாதியில் அணைக்கக் கூடாது. கணினியின் ஓட்டைகளை அடைக்கும் வேலை அது. தாய் அதற்குள் மறுநாளைக்கு மாவு அரைத்துவிட்டார்.

இப்போது கணினியோடு பழக வேண்டும். விசைகளுக்குக் கீழே ஒரு சதுரம் இருக்கும். அதன் மேல் விரலை நகர்த்தினால் திரையில் அம்பு நகரும். தாய் நகர்த்திப் பார்த்தார். அம்பு ஓடி ஓடி ஒளிந்தது. முதன்முதலில் பென்சில் பிடித்த நாள் அவருக்கு நினைவு வந்தது. அன்றும் கை சொன்னபடி கேட்கவில்லை. பத்து நிமிடம் பழகியதும் அம்பு நின்றது.

மகள் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தாள். அதன் பெயர் தமிழ் 99. தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்றுக்கொண்ட முறை அது. தமிழில் 247 எழுத்துகள் இருக்கின்றன. 247 விசைகள் வேண்டுமா? வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இந்த 31 விசைகள் போதும். உயிர் எழுத்துகள் இடக்கைப் பக்கம் இருக்கும். மெய் எழுத்துகளில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம் இருக்கும். 'ம' விசையைத் தட்டி 'ஆ' விசையைத் தட்டினால் 'மா' வரும். வகுப்பில் கற்றுக்கொண்ட அதே கணக்குத்தான்.

தாய் தட்டினார். அ. பிறகு ம. இன்னொரு ம. பிறகு ஆ. நான்கு தட்டு. முதல் ம-வுக்குப் புள்ளியைக் கணினியே வைத்துக்கொண்டது. திரையில் 'அம்மா' என்று வந்தது. மகள் கை தட்டினாள்.

எழுதியதைச் சேமிக்க வேண்டும். சேமிக்காவிட்டால் மறைந்துவிடும். ஒரு பெயர் கொடுத்துச் சேமித்தார்கள். பிறகு கணினியை அணைத்தார்கள். ஒயரைப் பிடுங்குவதோ, மூடியைச் சாத்துவதோ அணைப்பது ஆகாது. திரையில் 'ஷட் டவுன்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நண்பர்களே! இன்னும் சில விஷயங்களை நினைவில் வையுங்கள். மழைக்காலத்தில் ஈரக் கையோடு கணினியைத் தொடாதீர்கள். தண்ணீர் கொட்டிவிட்டால் உடனே அணைத்து ஒயரை எடுங்கள். உலர்ந்ததா என்று போட்டுப் பார்க்காதீர்கள். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். "வங்கியிலிருந்து பேசுகிறேன், செல்போனுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுச் சும்மா இருக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நேரம் போகப் போகப் பணத்தைப் பிடிப்பது கடினம். வாங்கிய பொருளில் குறை இருந்து, கடைக்காரர் கவனிக்காவிட்டால் 1915 என்ற எண் இருக்கிறது. அது நுகர்வோருக்கான உதவி எண்.

தெரியாததைக் கேட்பதில் தவறில்லை. கடைக்காரரைக் கேளுங்கள். பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் காட்டித் தரட்டும். ஆனால் விசையைத் தட்டுவது உங்கள் விரலாக இருக்கட்டும்.

அந்தத் தாய் மறுநாள் இட்லிக் கடையை முடித்துவிட்டு வந்தார். மகளிடம் சொன்னார்: "அந்தப் பெட்டியைத் திற கண்ணு. இன்றைக்கு வரவு செலவு எழுதிப் பார்க்கிறேன்."