நெட்டப்பாக்கம் என்று எழுதிப் பாருங்கள்

கடையில் பேனா வாங்கும்போது அநேகமாக எல்லோரும் ஒரே சோதனையைத்தான் செய்கிறோம். அட்டைத் துண்டில் இரண்டு சுழி, ஒரு நெளிகோடு, இல்லாவிட்டால் இங்கிலீஷில் ஒரு கையெழுத்து. மை வந்துவிட்டால் காசை நீட்டிவிடுகிறோம். அந்தச் சுழியில் பேனாவில் மை வருகிறது என்பது தெரியும். அந்தப் பேனாவுக்குத் தமிழ் வருமா என்பது தெரியாது. அன்றாடம் எழுதும் பேனாவை விலையைப் பார்த்தோ விளம்பரத்தைப் பார்த்தோ எடைபோட முடியாது. எந்த எழுத்தை, எந்தத் தாளில், எவ்வளவு நேரம் எழுதப் போகிறோம் என்பதை வைத்துத்தான் போட முடியும். அப்படிப் பார்த்தால், தமிழ் எழுதுகிறவர் பேனாவைத் தமிழில் சோதிப்பதுதான் நியாயம். அதற்குச் சொற்களைத் தேடி அலைய வேண்டாம். புதுச்சேரி மாவட்டத்தின் ஐந்து கொம்யூன் பெயர்களே போதும்: அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர்.

முதலில் வில்லியனூர். வி, ல், லி, ய, னூ, ர். நேர்கோடு குறைவு, வளைவுதான் அதிகம். அதிலும் ஒரே எழுத்துக்குள் பேனா ஒரு பக்கம் சுழன்று, உடனே மறுபக்கம் திரும்புகிறது. 'லி' எழுதும்போது கை கீழே சுழித்து மேலே ஏறி, மேல்விலங்குக்காக வளைந்து இறங்குவதைக் கவனியுங்கள். பால்பாயின்ட் பேனாவின் முனையில் இருப்பது ஒரு நுண்ணிய குண்டு. அது உருளும்போது எண்ணெய்ப் பசை போன்ற மையைத் தாளில் தடவுகிறது. முழுவதையும் தடவிவிடுவதில்லை. மிச்சம் முனையின் விளிம்பில் சேர்ந்துகொண்டே வரும். பேனா திசை மாறும் இடத்தில் அந்த மிச்சம் தாளில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். திசை மாற்றம் மிகுந்த எழுத்தில் இந்தத் திட்டும் மிகும். இங்கிலீஷில் வழவழப்பாக ஓடிய மலிவுப் பேனா, தமிழில் ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் அங்கங்கே பொட்டு வைத்திருப்பது இதனால்தான். பள்ளிக்கூட நோட்டிலேயே இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டிருக்கிறோம். தமிழுக்கு இரட்டைக் கோடு, இங்கிலீஷுக்கு நாலு கோடு என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, பேனாவை மட்டும் இரண்டுக்கும் பொதுவாகக் கொடுக்கிறோம்.

அடுத்தது நெட்டப்பாக்கம். என்னைக் கேட்டால் ஐந்து பெயர்களில் கடுமையான தேர்வு இதுதான். எட்டு எழுத்து, அதில் நாலுக்குப் புள்ளி. குண்டு உருண்டால்தான் பால்பாயின்டில் மை வரும். புள்ளி வைக்கும்போது பேனா தொட்டு எடுக்கிறது, உருளுவதில்லை. ஆகவே புள்ளி விழாமலே போகும், அல்லது தாளில் வெறும் பள்ளம் மட்டும் விழும். அதைச் சரிக்கட்டத்தான் பலரும் புள்ளிக்குப் பதில் சின்னக் கோடோ குட்டி வட்டமோ போடப் பழகியிருக்கிறார்கள். ஜெல் பேனா இதற்கு நேர் எதிர். அதன் மை நீரில் கரைத்தது. நிற்கும்போது கெட்டியாகவும் குண்டு உருளும்போது இளகியும் இருக்கும்படி செய்தது. 1984இல் ஜப்பானின் சகுரா நிறுவனம் கொண்டுவந்த உத்தி இது. புள்ளி கருகருவென்று அழகாக விழும். ஆனால் உடனே காயாது. கடற்காற்றின் ஈரமும் உள்ளங்கை வேர்வையும் சேர்ந்த நம் ஊரில், அடுத்த வரிக்குக் கை இறங்கும்போது மேல்வரிப் புள்ளிகள் வால் முளைத்து நிற்கும். மை பேனாவுக்கு உருள வேண்டிய தேவையே இல்லை. நிப்பின் பிளவில் மை எப்போதும் முனைவரை வந்து நிற்பதால், தொட்டாலே புள்ளி விழும். புள்ளிக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்கலாம். ஓலைச்சுவடியில் புள்ளியே வைக்காமல் எழுதினார்கள், படித்தவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார்கள், உண்மைதான். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்துகிறவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

இதனால் மை பேனாதான் சிறந்தது என்று முடித்துவிடலாமா? தாள் குறுக்கே வருகிறது. பட்டியலில் உள்ள பாகூரையே பாருங்கள். அங்கே கிடைத்த, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடுகள், அவ்வூர்க் கல்விச்சாலைக்கு நிலக்கொடை கொடுத்ததைப் பதிந்தவை. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. செம்பில் வெட்ட உளி, ஓலையில் கீற எழுத்தாணி, தாளுக்குப் பேனா. எழுதும் பரப்புதான் எப்போதும் கருவியை முடிவு செய்திருக்கிறது. நம் பிள்ளைகள் எழுதும் மலிவு நோட்டின் தாள் மெல்லியது, மையை உறிஞ்சுவது. அதில் பட்டை நிப் வைத்து எழுதினால் 'ண'வின் சுழிகள் நிரம்பி ஒரே திட்டாகிவிடும், மறுபக்கத்திலும் தெரியும். அந்தத் தாளுக்கு மெல்லிய நிப் வேண்டும், மையும் அளவாக இறங்க வேண்டும். இது கிடைக்காவிட்டால் நல்ல பால்பாயின்டே மேல் என்பேன். கார்பன் வைத்த ரசீதுப் புத்தகத்தில் பேச்சுக்கே இடமில்லை. அழுத்தி எழுதினால்தான் அடித்தாளில் விழும், அதற்குப் பால்பாயின்டை விட்டால் வேறு வழி கிடையாது. மனு, பத்திரம், ரேஷன் விண்ணப்பம் போன்றவற்றுக்கும் அதுவே நல்லது. மை பேனாவின் சாதாரண நீல மை நாலு சொட்டு மழையில் கரைந்து ஓடும், வெயில் பட்டால் வெளிறும். பால்பாயின்டின் எண்ணெய் மை தண்ணீருக்கு அவ்வளவு எளிதில் மசியாது.

ஆக, குறைந்த நேரம் எழுதவும் நெடுநாள் காப்பாற்றவும் பால்பாயின்ட். நெடுநேரம் எழுதுவதில்தான் என் வாக்கு மை பேனாவுக்குப் போகிறது. மூன்று மணி நேரத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பால்பாயின்டில் குண்டை உருட்ட ஒவ்வொரு கோட்டுக்கும் கை அழுத்தம் கொடுத்தாக வேண்டும். இரண்டாவது மணி நேரத்தில் விரல்கள் பேனாவின் கழுத்தைப் பிடித்து இறுக்கத் தொடங்கும். முதலில் கெடுவது சுழிகள். 'ண'வும் 'ன'வும் ஒன்றாகும், 'ழ'வின் கால் மடங்கிப் போகும். மை பேனா தன் எடையிலேயே எழுதும். லாஸ்லோ பீரோ 1938இல் காப்புரிமை பெற்று, பீக் நிறுவனம் 1950இல் மலிவாக்கி உலகெங்கும் பரப்பிய பால்பாயின்ட் நம் வகுப்பறைக்குள் வந்தபோது, கையெழுத்து கெட்டுப்போகும் என்று பல ஆசிரியர்கள் தடுத்தார்கள். பழமைவாதம் என்று அதைச் சிரித்துத் தள்ளிவிட்டோம். அழுத்தம் பற்றிய மட்டில் அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

கையெழுத்து கையில் இருக்கிறது, பேனாவில் இல்லை என்பார்கள். தேர்ந்த கைக்கு அது பொருந்தும். எழுத்து இன்னும் படியாத பத்து வயதுக் கைக்குப் பொருந்தாது. அழுத்திப் பழகிய கை பிறகு எந்தப் பேனாவைக் கொடுத்தாலும் அழுத்தும். மை பேனா கசியும், சட்டைப் பை நாசமாகும் என்பது இன்னொரு புகார். அதற்குக் காரணம் உண்டு. சொட்டு மருந்துக் குழாய் போல ஒன்றை வைத்து நேரடியாக உடலுக்குள் மை ஊற்றும் பேனாவில், மை குறையக் குறையக் காற்று நிறைகிறது. சித்திரை வெயிலிலோ கைச் சூட்டிலோ அந்தக் காற்று விரிந்து, மிச்ச மையை வெளியே தள்ளுகிறது. பாதி தீர்ந்ததுமே நிரப்பிவிட்டால் கசிவு பெரிதும் குறையும். நிப்பை வாரம் ஒருமுறை தண்ணீரில் அலசுவதும் நல்லது. இதுகூட வேண்டாம் என்றால் குழாய் மாற்றும் பேனா கிடைக்கிறது. நம் புதுச்சேரியைச் சேர்ந்த ஏனாமுக்கு அண்டையில், கோதாவரிக் கரை ராஜமுந்திரியில், ரத்னம் பேனாக்கள் 1930களிலிருந்தே கைக்கடைசலில் உருவாகின்றன. திருவள்ளூரிலும் எபோனைட் என்னும் கெட்டி ரப்பரில் பேனா கடைகிறார்கள். அவை விலை கூடியவை, மாணவருக்கு அவை தேவையும் இல்லை. தெருக்கடையில் கிடைக்கும் சாதாரண மை பேனாவில், நெட்டப்பாக்கத்தின் நாலு புள்ளியும் முதல் தொடுகையிலேயே விழுகின்றனவா, வில்லியனூரின் 'னூ'வில் சுழி திறந்து நிற்கிறதா என்று பார்த்து எடுத்தால் போதும். செல்போன் காலத்தில் பேனாவுக்கு என்ன ஆராய்ச்சி என்கிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்ல முடியும்: பொதுத்தேர்வு விடைத்தாளைப் பிள்ளைகள் இன்னும் கையால்தான் எழுதுகிறார்கள்.

ஓர் எதிர்வாதத்துக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. அது இடக்கைக்காரர்களுடையது. வலக்கை பேனாவைத் தாளில் இழுத்துச் செல்கிறது. இடக்கை தள்ளிக்கொண்டு போகிறது. தள்ளும்போது நிப் தாளைக் குத்தும், எழுதிய ஈர மையின் மேலேயே கை நகரும். ஜெல்லிலும் இதே தொல்லைதான். மேலே மை பேனாவுக்குச் சொன்ன நன்மைகளில் பாதி அவர்களுக்குக் கிடைக்காது. அவர்களுக்கு மெல்லிய முனையுள்ள பால்பாயின்டைத்தான் பரிந்துரைப்பேன். புள்ளியைக் குட்டி வட்டமாகப் போடட்டும், யாரும் குறை சொல்ல வேண்டாம்.