கோலம் போட்ட கையும் மீ.பொ.கா.வும்

(பேரையூரில் ஆசிரியர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கணக்குப் புத்தகத்தில் ‘அமைப்புகள்’ என்ற பாடத்தை நாம் எல்லோரும் நடத்தியிருக்கிறோம். வட்டம், சதுரம், வட்டம், சதுரம், அடுத்து என்ன? பிள்ளைகள் ‘வட்டம்’ என்பார்கள். நாம் ‘சரி’ போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன்.

என் ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். கணக்கில் ஒற்றை இலக்க மதிப்பெண்தான் வாங்குவாள். நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்கப் புள்ளிகளாக இருக்கும். “கணக்குப் போடச் சொன்னா கோலமா போடுற?” என்று இரண்டு முறை திட்டியிருக்கிறேன்.

ஒரு மார்கழிக் காலையில் பள்ளிக்கு வரும் வழியில் அவள் வீட்டு வாசலைப் பார்த்தேன். தெருவை அடைத்து ஒரு கோலம். “எத்தனை புள்ளிம்மா?” என்றேன். “பதினஞ்சு புள்ளி, எட்டு வரை, இடுக்குப் புள்ளி சார்” என்றாள். “சரியா வச்சிருக்கேன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். “ஆறு பக்கமும் எட்டு எட்டா வரணும் சார். வரலைன்னா எங்கேயோ தப்பு” என்றாள்.

நண்பர்களே, நடுவில் 15, இருபுறமும் 14, 13 என்று குறைந்து 8 வரை. மொத்தம் 169 புள்ளிகள். விதி தெரிந்தவள், தவறைத் தானே கண்டுபிடிக்கும் வழியும் தெரிந்தவள். கணக்கு வராத பிள்ளை என்று நான் எழுதி வைத்திருந்தது அவளைத்தான்.

அன்று எனக்குப் புரிந்தது இதுதான்: அழகாக இருப்பதெல்லாம் அமைப்பு ஆகிவிடாது. அதில் ஒரு விதி இருக்க வேண்டும். விதி தெரிந்தால் அடுத்தது என்ன என்று சொல்லலாம், எது தப்பு என்றும் சொல்லலாம். இது புதிய கருத்து அல்ல. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும் 1974இலேயே கோலத்தை இலக்கண விதிகளாக எழுதிக் காட்டி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். கணினி அறிவியலில் அது இன்றும் பேசப்படுகிறது.

இனி, வகுப்பில் நான் செய்ததைச் சொல்கிறேன். மீப்பெரு பொதுக் காரணி பாடம். பிள்ளைகளை நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தேன். தரையில் சுண்ணக்கட்டியால் நேர்ப்புள்ளி வைத்து, நீள்சதுரமாகச் சிக்குக் கோலம் போடச் சொன்னேன். ஒரே நிபந்தனை: பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடு குறுக்கே வெட்டிப் போக வேண்டும், ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்ப வேண்டும். கேள்வி: கையை எடுக்காமல் ஒரே இழையில் முடிகிறதா, எத்தனை இழை தேவைப்படுகிறது?

2க்கு 2 புள்ளி வைத்தால் இரண்டு இழை. 2க்கு 3 வைத்தால் ஒரே இழை. 2க்கு 4 என்றால் இரண்டு. “இரட்டைப்படைன்னா ரெண்டு சார்” என்றான் ஒருவன். நான் மறுக்கவில்லை. 3க்கு 3 போடச் சொன்னேன். மூன்று இழை வந்தது. 3க்கு 4 ஒன்று. 3க்கு 6 மூன்று. 4க்கு 6 இரண்டு. எல்லாவற்றையும் கரும்பலகையில் அட்டவணையாக எழுதினோம். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அந்த மாணவிதான் எழுந்தாள். “ரெண்டு எண்ணையும் வகுக்கிற பெரிய எண் சார்.” மீ.பொ.கா.வின் வரையறையை அவள் தன் வாயால் சொன்னாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

“கோலம் பொம்பளைப் பிள்ளைங்க வேலை” என்று முதல் நாள் ஒதுங்கிய பையன்கள் உண்டு. அவர்களிடம் நார்க்கட்டிலையும் ஓலைப் பெட்டியையும் பார்த்துவரச் சொன்னேன். ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று போகும் பின்னலும் இதே குடும்பம்தான். மறுநாள் தாங்களே சுண்ணக்கட்டி கேட்டார்கள். வீட்டில் சுங்குடிச் சேலை இருந்தால் அதையும் பார்க்கச் சொல்லலாம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரைக் கைத்தொழில் அது.

இயற்கைக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம்முடையது கரிசல் மண். கோடையில் கண்மாய் வெடித்துக் கிடக்கும். என் கைப்பேசியில் நேர் மேலிருந்து படம் எடுக்க வைத்தேன். நிழல் விழாமலும் அளவு தெரிய ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்தும் எடுக்க வேண்டும். பிறகு, வெடிப்புகள் சந்திக்கும் இடங்களில் எத்தனை கோடுகள் கூடுகின்றன என்று எண்ணினார்கள். பெரும்பாலும் மூன்று. முதல் முறை காயும் சேற்றில் புது வெடிப்பு பழைய வெடிப்பைச் செங்கோணத்தில் தொடும். பலமுறை நனைந்து காய்ந்தால் அந்தக் கோணங்கள் 120 பாகையை நோக்கி நகரும். எந்தக் கட்டமும் இன்னொன்றைப் போல இல்லை. ஆனாலும் விதி ஒன்றுதான். அப்படியே திரும்ப வருவது மட்டும் அமைப்பு அல்ல என்பதைப் பிள்ளைகள் அங்கே கற்றார்கள்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது மூன்று. அழகுக்கு மதிப்பெண் போடாதீர்கள். விதியைச் சொல்லச் சொல்லுங்கள். தவறான ஊகத்தை உடனே திருத்தாதீர்கள். அதை உடைக்கும் அடுத்த எடுத்துக்காட்டைக் கொடுங்கள். கண்டுபிடித்த விதியோடு நிறுத்தாமல், அவர்களே ஒரு புதிய அமைப்பை உருவாக்கி, பக்கத்துக் குழு அதன் விதியைக் கண்டுபிடிக்கட்டும்.

அந்த மாணவி முதல் மதிப்பெண் வாங்கிவிடவில்லை. வகுத்தலில் இன்னும் தடுமாறுகிறாள். ஆனால் கரும்பலகைக்கு அழைத்தால் இப்போது தலையைக் குனிந்துகொள்வதில்லை. உங்கள் வகுப்பிலும் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். திட்டுவதற்கு முன், “இது எத்தனை புள்ளி?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.